மாமியார் வண்டியும் அக்காவின் இடது கண்ணும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. அனுபவம், தரிசனம், உள்ளுணர்வு என்று எதையாவது சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. போன வாரம் என் அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, "அந்த வண்டி என்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்லுதுடா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன், கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கார் ஓட்டுகிறாள். அதுதான் அவள் தொழில். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப்போய், ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. அவளுடைய இடது கண்ணின் மேல் இமை பிறவியிலேயே பாதி இறங்கியிருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தெருவின் அந்தக் கோடியில் வருகிறவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத சொந்தக்காரர் என்றால், எனக்கு உருவம் தெரிவதற்குள் அவள் சந்துக்குள் திரும்பியிருப்பாள்.

நிறுவனம் புது வண்டிகள் வாங்கியது. புது வண்டிக்குள், ஓட்டுகிறவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமரா இருக்கிறது. இமை இறங்கியிருந்தால் ஓட்டுநர் தூங்குகிறார் என்று அது முடிவுகட்டும். மீதியை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகித்தது சரிதான். உங்களிடமிருந்து ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மழை விட்ட காலையில், ஈரம் உலராத சாலையில், அந்த வெள்ளைக் கார் மெல்ல…" (நிறுத்திவிட்டேன். மழைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கதை என்றால் மழை பெய்ய வேண்டும் என்று எவனோ சொல்லிக்கொடுத்த பழக்கம்.)

"மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து…" (இப்படித் தொடங்கும் ஒன்றை நானே படிக்க மாட்டேன். உங்களை மட்டும் ஏன் வதைக்க வேண்டும்?)

"நடுவயதைத் தாண்டிய அந்த ஓட்டுநர் தன் மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு…"

இந்த மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். தேநீர் கொண்டுவந்த அக்கா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள்.

"யார்ரா இது மீசக்காரன்?"

"நீதான்."

"எனக்கு எப்படா மீச மொளச்சுது?"

"அப்படியே உன்னை எழுதினா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு…"

"கண்ணப் பத்தி எழுதினா எனக்குச் சங்கடம், மீசைய ஒட்டவச்சா சங்கடமில்லையா? எழுதறதுன்னா என்னையே எழுது. இல்லன்னா எழுதாத."

ஆகவே மீசையை எடுத்துவிட்டேன். அது போனதும் கதையில் ஏதோ ஓர் ஆதாரமே ஆடியது போலிருந்தது. ஓட்டுநர் என்றதும் ஆண் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அக்காவைப் பார்த்து வளர்ந்த எனக்கே இந்த லட்சணம். அந்தக் கேமராவை மட்டும் குறை சொல்லி என்ன பயன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். பிறகு கோபம் திரும்பிவிட்டது.

3

இனி வண்டியைப் பற்றி. இந்தப் பகுதி கதை இல்லை, வசவு. வசவு பிடிக்காதவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம்.

ஓட்டுநர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "மாமியார்". காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்ததும், நேற்று யார் ஓட்டினாரோ அவருக்கேற்றபடி இருக்கை தானாக முன்னே நகர்ந்து அக்காவின் முழங்காலை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோய் நசுக்கும். பிறகு தேன் ஒழுகும் குரலில் "நல்வரவு" என்று சொல்லும். நசுக்கிவிட்டு நல்வரவு!

டிக்கிக்குக் கீழே காலை ஆட்டினால் டிக்கி திறக்குமாம். இரு கையிலும் சாமான் வைத்திருப்பவர்களுக்கு வசதியாம். காலுக்கும் ஊன்றுகோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தையல்காரம்மா (இவர் கதைக்கு வேண்டியவர், கொஞ்சம் நினைவில் வையுங்கள்: முன்பு தையல் கடை வைத்திருந்தவர், இப்போது டயாலிசிஸுக்கு அக்காவின் வண்டியில் போகிறவர்) வண்டியைச் சுற்றி வரும்போது அவருடைய ஊன்றுகோல் டிக்கிக்குக் கீழே நீண்டது. டிக்கி தானாகத் திறந்து அவர் முகவாயை உரசிக்கொண்டு மேலே எழும்பியது.

காக்கை எச்சம் போட்டால் மழை என்று நினைத்து வைப்பர் ஓடும். ஓடி, ஓரத்தில் கிடந்ததைக் கண்ணாடி முழுக்கத் தேய்த்து வைக்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும். பின்னால் இருப்பவர் "என்னம்மா, வண்டி நின்னுபோச்சா?" என்று ஒவ்வொரு சிக்னலிலும் பதறுவார். பள்ளத்தைத் தவிர்க்க அக்கா ஸ்டியரிங்கை ஒடித்தால், வெள்ளைக்கோட்டைத் தாண்டுகிறாள் என்று வண்டி அவள் கையிலிருந்து பிடுங்கிப் பள்ளத்துக்கே கொண்டுபோகும். கதவு ஓரங்களில் ஊதா விளக்கு எரியும். மனநிலைக்கு இதமான ஒளியாம். டயாலிசிஸ் முடிந்து வெளுத்துப்போய்ச் சாய்ந்திருப்பவரை அந்த ஊதா வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்த்தால், மூச்சு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது என்கிறாள் அக்கா. யாருடைய மனநிலைக்கு?

இதையெல்லாம் அணைத்து வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். திரையில் தேடித் தேடி ஒவ்வொன்றாக அணைக்கலாம். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் எல்லாம் பழையபடி விழித்துக்கொள்ளும். அக்காவின் வேலையே நோயாளியின் வீட்டு வாசலில் நிறுத்துவதும் மறுபடி கிளப்புவதும்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு ரத்தம் கொதிப்பது ஏசி விஷயத்தில். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்குச் சட்டென்று குளிர் எடுக்கும். பல் கிட்டும். பழைய வண்டியில் ஒரு திருகு இருந்தது. பின்னாலிருந்து "குளிருதும்மா" என்று குரல் வந்தால், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டித் திருகிவிடுவாள். புது வண்டியில் திருகு இல்லை, வழுவழுப்பான திரைதான். அதில் முதலில் ஒரு படத்தைத் தொட வேண்டும், பிறகு இன்னொன்றை, பிறகு விரலால் இழுக்க வேண்டும். தடவிப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அப்படித் திரையைப் பார்த்த மறுகணம் வண்டி, "சாலையைக் கவனியுங்கள்" என்று கண்டிக்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் இதுவரை மனிதர்களிடம்தான் பார்த்திருந்தேன். அது பார்க்க வைத்தால் மண்குடம், இவள் பார்த்தால் பொன்குடம். ஓட்டுநர்கள் சும்மாவா மாமியார் என்று பெயர் வைத்தார்கள்?

"என் மாமியார்கூட இந்த அளவுக்குச் சொன்னதில்லடா. அவங்க சமையல்ல மட்டும்தான் குத்தம் கண்டுபிடிப்பாங்க" என்றாள் அக்கா.

(அடியில் போட வேண்டிய குறிப்பு, அடி எங்கே என்று தெரியாததால் இங்கேயே: உயிர்காக்கும் ஏர்பேக்கோடு எனக்குச் சண்டை இல்லை. சீட் பெல்ட்டோடு இல்லை. தூங்கி வழிந்த ஓட்டுநர்களால் செத்துப்போனவர்கள் உண்டு, அவர்களுடைய பிள்ளைகள் இதைப் படிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கேமரா யாரையாவது காப்பாற்றியிருக்கும். நான் திட்டுவது எதை என்றால்: எனக்குத் தேவையில்லாதது, என்னை வேண்டாம் என்று சொல்ல விடாதது. அவ்வளவுதான் என் இலக்கணம்.)

இன்னொன்று. இத்தனையும் வைத்த வண்டியில் ஸ்டெப்னி வைக்கவில்லை. பஞ்சரானால் மாட்டுவதற்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. ஒரு டப்பாவில் பசை கொடுத்திருக்கிறார்கள்.

4

ஸ்டெப்னி என்றதும் மேலாளர் ஞாபகம் வருகிறது. அக்காவின் நிறுவனத்தில் வண்டிகளைக் கவனிப்பவர். யாரோ விடுப்பில் போனபோது மாற்றாக வந்தவர், போனவர் திரும்பி வரவே இல்லை, இவர் அப்படியே தங்கிவிட்டார். அதனால் ஓட்டுநர்கள் அவரை ஸ்டெப்னி என்கிறார்கள். "வண்டில இல்லாத ஸ்டெப்னி ஆபீஸ்ல உக்காந்திருக்கு" என்பது அவர்களுடைய நிரந்தர ஜோக்.

அவர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம் சார். விஷயத்தச் சொல்லுங்க."

"வண்டி தெனமும் ரிப்போர்ட் அனுப்புது. நீ தூங்கறேன்னு."

"நான் தூங்கினா உங்க பேஷன்ட் வீட்டுக்குப் போவாங்களா, மேல போவாங்களா?"

"எனக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கு முடியாம போனப்ப உன் வண்டியிலதான அனுப்பினேன்? வேற யாரையும் நம்பலையே."

"அப்ப அத எழுதிப் போடுங்க சார்."

"எங்க எழுதறது? அதுல எழுதற எடமே இல்லம்மா. பச்ச, மஞ்ச, சிவப்பு. நீ சிவப்பு."

"கண் டாக்டர் சர்டிபிகேட் குடுத்தேனே, ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதுன்னு."

"நான் படிச்சேன். வண்டி படிக்குமா?"

"கேமராவ அணச்சுடுங்க."

"அணச்சா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்." பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னாராம்: "எமையத் தூக்கிவிடற ஆபரேஷன் ஒண்ணு இருக்காமே? கேட்டுப் பாரேன்."

"எனக்கு வியாதியே இல்லையே சார். எதுக்கு ஆபரேஷன்?"

"உனக்கில்லம்மா. அதுக்குத்தான்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரமும் சிவப்பாவே வந்தா டிரைவர் லிஸ்ட்லேருந்து உன் பேர அதுவே எடுத்துடும். என் கையில இல்ல. ஏதாவது பண்ணிக்கிட்டு வா. என்ன பண்ணினேன்னு நான் பாக்க மாட்டேன்."

5

எனக்கு ஒரு வில்லன் வேண்டும். கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டும் அல்லவா? ஸ்டெப்னிக்குத் தொந்தி வைத்தேன். தடித்த மோதிரம் போட்டேன். "உன்னை மாதிரி ஆயிரம் பேர் கிடைப்பார்கள்" என்று அவர் வாயில் ஒரு வசனத்தைத் திணித்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"அவர் அப்படிச் சொல்லல."

"சொல்லலன்னா என்ன, சொல்ற ஆள்தானே?"

"இல்லடா. அவர் சீட்ட விட்டு எழுந்து போயிட்டா அவர் கம்ப்யூட்டர்லயும் மஞ்ச வருமாம். என்கிட்ட பேசிட்டிருக்கப்பவே மவுச அசச்சுக்கிட்டே இருந்தார், பாவம்."

பாவமாம்! வில்லன் கையைவிட்டுப் போனான். சரி, மேலே போவோம் என்று, இதை வடிவமைத்தவர்களைத் தேடிப் புறப்பட்டேன்.

"பளபளப்பான கண்ணாடிச் சுவர்களுக்குள், நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த இளைஞர்களில் ஒருவன் எழுந்து, கண் இவ்வளவு திறந்திருந்தால் விழிப்பு, இதற்குக் கீழே என்றால் தூக்கம் என்று திரையில் ஒரு கோட்டை இழுத்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த அறையில் யாருக்கும்…"

(கைவிடுகிறேன். எனக்கு அவன் முகம் தெரியவில்லை. அவன் நல்லவனாகவும் இருக்கலாம். சாலை விபத்தில் அவனுடைய அண்ணன் செத்திருக்கலாம், அதனால்தான் இந்த வேலைக்கே வந்திருக்கலாம். இப்படி யோசிக்க ஆரம்பித்தால் கோபம் நீர்த்துப்போகும், எனக்கு அது நீர்த்துப்போகக் கூடாது. அந்த அறையில் எல்லோருக்கும் இரண்டு கண்களும் ஒரே அளவில் திறந்திருந்தன. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் பொறுப்பு.)

திட்டுவதற்கு ஆளே கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது மிக மோசமானது. வீட்டில் இருப்பவர்கள்மீதுதான் விழும். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அக்காவிடமே எரிந்து விழுந்தேன். உப்பு இருந்தது.

6

ஏதாவது பண்ணிக்கொண்டு வா என்றாரே ஸ்டெப்னி, அக்கா பண்ணினாள்.

காயத்துக்குப் போடும் பிளாஸ்டரில் மெல்லிய துண்டு ஒன்றை நறுக்கினாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, இடது இமையைத் தூக்கி, புருவத்தோடு சேர்த்து ஒட்டினாள். முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டாள். வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

"நல்வரவு. இன்று நீங்கள் உற்சாகமாக இருக்கிறீர்கள்" என்றது மாமியார்.

காலை முழுக்க ஒரு கண்டிப்பும் இல்லை. பச்சை. ஓட்டிய நாளிலிருந்து அவளுக்கு அந்த வண்டியில் கிடைத்த முதல் பச்சை. மதியத்துக்கு மேல் தையல்காரம்மாவை ஏற்றிக்கொண்டு மையத்திலிருந்து கிளம்பினாள். அதற்குள் கண் எரிய ஆரம்பித்திருந்தது. இமைக்காத கண் காய்ந்துபோகும் என்பதை அவள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, கேமராவுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த கண்ணிலிருந்து நீர் கொட்டியது, கூடவே வலது கண்ணிலிருந்தும். கொட்டிய நீரில் எதிரே இருந்தவை எல்லாம் கலங்கின. முன்னால் தெரியும் சிவப்பு, சிக்னலா, முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கா என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு பள்ளிக்கூட வாசல் அது.

வண்டி மகிழ்ச்சியாக இருந்தது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் முட்டிமோதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நன்றாகக் கண் தெரிந்த நாட்களில் எல்லாம் அது அவளைத் திட்டியது. கண் தெரியாமல் ஓட்டிய ஒரே நாளில் பாராட்டியது.

அக்கா ஓரமாக நிறுத்தினாள். பிளாஸ்டரைப் பிய்த்தெடுத்தாள். இமையில் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"ஏம்மா அழறே?" என்றார் தையல்காரம்மா பின்னாலிருந்து.

"அழலம்மா. கண்ணு தொறந்தே இருந்துச்சு, அதான்."

கண்ணைத் துடைத்து, மூடித் திறந்து, தெளிந்த பிறகு கிளப்பினாள். கிளப்பியதும் தொடங்கிவிட்டது. திரையில் காபிக் கோப்பைப் படம் போட்டு, மணியடித்து, "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்."

"இது உன்னத் திட்டுதா, என்னத் திட்டுதா?"

"என்னத்தாம்மா."

"இதப் பூராப் பிரிச்சுப்போட்டு மறுபடி தைக்கணும்" என்றார் தையல்காரம்மா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கலாம். அவருக்குக் கேமரா இல்லை.

அவரை வீட்டு வாசலில் இறக்கி, படியேற்றிவிட்டு அக்கா திரும்பினாள். ரிப்போர்ட் சிவப்பு.

7

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் எந்தக் கதையையும் முழுதாகப் படிப்பவள் இல்லை. இதை நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள்.

"எதுக்குடா நடுநடுவுல பிராக்கெட்டுக்குள்ள பிராக்கெட்டுக்குள்ள பேசற?"

"அது ஒரு உத்தி. கதை தன்னைப் பத்தித் தானே பேசறது."

"பாட்டு மாத்தறதுக்கு ஸ்டியரிங்ல ஒண்ணு, தெரையில ஒண்ணு, பின் சீட்டுல ஒண்ணுன்னு பட்டன் வச்ச மாதிரி இருக்கு. தொடக்கம் மூணு எதுக்கு? ஒண்ணு போதாதா? யாராவது மூணு கதவ ஒண்ணாத் தொறந்துக்கிட்டு ஏறுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இலக்கியம் தெரியாதவங்ககிட்ட காட்டினது என் தப்பு" என்றேன்.

"கோவிச்சுக்கறியா? வண்டியும் இதத்தான் சொல்லும். உனக்கு வசதி தெரியல, பழகிக்கோன்னு."

அவள் சொன்னது உண்மை என்பதால் மேலும் கோபம் வந்தது. உங்களையும்தான் நான் கண்காணித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கொதிக்க வேண்டும் என்று மணியடித்துக்கொண்டே வருகிறேன். வேண்டாம் என்றால் அணைக்க வழி வைத்தேனா? அடுத்த எண்ணுக்குத் தாவலாம் என்றேன், ஒருவராவது தாவினீர்களா?

(இங்கே வாகனமும் கதையும் ஒன்று என்று ஒரு நீண்ட குறிப்பு இருந்தது. நீக்கிவிட்டேன்.)

"ஒண்ணு மட்டும் சரியா எழுதியிருக்க" என்றாள் அக்கா, தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "குளிர் எடுக்கறது. அத அப்படியே வை."

8

முடிவுகள்.

முதலாவதில் அக்கா ஸ்டெப்னியின் அறைக்குள் நுழைகிறாள். நிமிர்ந்து நிற்கிறாள். "உங்கள் வண்டி உங்களுக்கே" என்று சாவியை மேசைமீது வீசுகிறாள். சாவி சுழன்று… (அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. கைபேசியைக் காட்டினால் திறக்கும். கோபத்தில் வீசுவதற்குக்கூட ஒரு பொருளை மிச்சம் வைக்கவில்லை பாவிகள். அவள் தன் கைபேசியைத்தான் வீச வேண்டும், அப்புறம் அதையும் அவளேதான் வாங்க வேண்டும்.) தவிரவும், வீசிவிட்டு வந்தால் மறுநாள் என்ன என்று நான் எழுதவில்லை. அக்கா வயதில் வேறு வேலை கிடைக்காது; அவள் தொழிலில், கேமரா இல்லாத வண்டி வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகிறது. அவள் கணவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை; இடுப்பு எலும்பு பழுது. அவருக்கும் சேர்த்துத்தான் அவள் ஓட்டுகிறாள்.

இரண்டாவதில் நோயாளிகள் எல்லோரும் திரண்டு வந்து, "இவர் ஓட்டாவிட்டால் நாங்கள் ஏற மாட்டோம்" என்கிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்கா கேட்டாள்: "டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுப் படியே ஏற முடியாதவங்களக் கொடி புடிக்க வைக்கறியா?"

மூன்றாவதில் அறுவைசிகிச்சை. அக்கா உண்மையிலேயே ஒரு மருத்துவரிடம் கேட்டாள். தூக்கிவிடலாம், ஆனால் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் சரியாக மூடாது, எதற்கும் உங்களுக்கு இது தேவையில்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் எழுதிய வடிவத்தில் அறுவைசிகிச்சை பிரமாதமாக முடிகிறது. அகல விரிந்த கண்களோடு அவள் வண்டியில் உட்கார்கிறாள். "நீங்கள் அதிர்ச்சியில் இருக்கிறீர்கள். வண்டியை நிறுத்துங்கள்" என்கிறது மாமியார். (இதற்கு அக்கா சிரிக்கவில்லை.)

நான்காவதாக ஒன்றைத் தொடங்கினேன். "அன்று காலை ஸ்டெப்னி தன் மேசையிலிருந்து எழுந்தார். கம்ப்யூட்டரில் மஞ்சள் வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல்

9

முந்தைய வாக்கியம் முடியவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உத்தி இல்லை. அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

இது இன்று காலை. வேலைக்குப் போகும் உடையில் இருக்கிறாள். கையில் கத்தரி, பிளாஸ்டர், கண்ணில் விடும் சொட்டு மருந்து.

"கொஞ்சம் எழுந்து வா. நான் ஒட்டினா கோணலாப் போகுது. நீ ஒட்டிவிடு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன்.

"பைத்தியமா உனக்கு? அன்னைக்கு நீதான வண்டிய நிறுத்தின!"

"நிறுத்தினேன். சிவப்பு வந்துச்சு."

"கண்ணு தெரியாம யார் மேலயாவது ஏத்தினா?"

"மருந்து வாங்கியிருக்கேன். சிக்னல்ல நிக்கறப்பல்லாம் விட்டுக்கறேன். இன்னைக்கு ஒரு நாள் பச்ச வந்தா இந்த வாரம் தப்பிக்கும்."

"அடுத்த வாரம்?"

பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யார் ஏறப்போறாங்க?"

"தையல்காரம்மா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏறுவாங்களா?" என்றாள். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நான் இல்லன்னா வேற ஆள் ஓட்டுவாரு. போன தடவ அவர் ஓட்டி, அவங்களுக்கு வழியெல்லாம் வாந்தி. வீட்டுக்குப் போனப்பறம் எனக்குத்தான் போன் பண்ணி அழுதாங்க."

"நான் ஒட்ட மாட்டேன்."

"ஒட்டலன்னா நானே ஒட்டிக்கிட்டுப் போவேன். கோணலா. அது நல்லதா?"

அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வண்டிக்குள் ஒருவர் கண்ணயர்ந்திருந்தால் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டியவள். அவளைத்தான் அந்தக் கேமரா, பின்னால் இருப்பவருக்குத் தெரியாமல் ஒட்டிய கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவளாக மாற்றி வைத்திருக்கிறது. அது எச்சரித்ததே, ஆபத்தான ஓட்டுநர் என்று? அப்போது அது பொய். இப்போது உண்மையாகப் போகிறது.

"கோவப்பட்டு என்னடா ஆகப்போகுது? நீ இவ்வளவு எழுதினியே, ஒரு சிவப்பு பச்சையாச்சா? கைய ஆடாம வச்சு ஒட்டு."

துண்டு இப்போது என் ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கிறது. இன்னொரு கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னியுங்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இமையின் ஓரத்தில், அன்று தோல் வந்த இடத்தில், இன்னும் ஆறாத ஒரு சிவப்பு. அதன்மேல்தான் ஒட்ட வேண்டும்.

முடிவை வாசகர் கையில் கொடுப்பது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு நாகரிகம். நானும் கொடுக்கிறேன், ஆனால் நாகரிகத்துக்காக இல்லை, என்னால் முடியாததால். பிடியுங்கள். பசை இருக்கும் பக்கம் மேலே. காத்திருப்பது உங்கள் அக்கா இல்லை, பின் சீட்டில் ஏறப்போவது உங்கள் அம்மா இல்லை. உங்களுக்குச் சுலபம். ஒட்டினால் வேலை இருக்கும், ஒட்டாவிட்டால் கண் தெரியும். எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். பக்கத்தில் நின்று கோபப்பட்டுக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள், அந்த வேலையை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

கொஞ்சம் சீக்கிரம். அவளுக்கு நேரமாகிறது.